என்ட்ரோப்பியா யுனிவர்ஸ் இன்னும் எத்தனை வருடம் ஓடும், போட்ட காசு என்னாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பிள்ளைகள் ஃப்ரீ ஃபயர் டைமண்டுக்கும் பப்ஜி யூசிக்கும் ரீலோட் கடையில் காசு கொடுத்துப் பழகியவர்கள். கொடுத்த காசு திரும்பாது என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் பெரிய தொகை போடுவதில்லை. "போட்ட காசைத் திருப்பி எடுக்கலாம்" என்று ஒரு கேம் சொன்னால்தான் சிக்கல். அப்படிச் சொல்லும் கேம்தான் என்ட்ரோப்பியா யுனிவர்ஸ். அப்போதுதான் ஆயிரம் போடுபவர் இருபதாயிரம் போட யோசிக்கிறார். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். கணக்குகளுக்கு ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்திருக்கிறேன். நீங்கள் படிக்கும் நாளில் எவ்வளவோ அதைப் போட்டுப் பாருங்கள்.

இது என்ன கேம்? ஏமாத்து வேலையா, சேர்?

ஏமாற்று வேலை இல்லை. சுவீடனின் கோதன்பர்க் நகரில் உள்ள மைண்ட்ஆர்க் என்ற கொம்பனி நடத்துகிறது. 2003 ஜனவரியில் ப்ராஜெக்ட் என்ட்ரோப்பியா என்ற பெயரில் திறந்தார்கள். வேறு கோள்களில் மிருகம் சுடுவது, நிலத்தைத் தோண்டிக் கனிமம் எடுப்பது, அவற்றை வைத்துப் பொருள் செய்வது, விற்பது, இவ்வளவுதான் ஆட்டம். தரவிறக்கவும் உள்ளே நுழையவும் காசு வேண்டாம். உள்ளே ஓடும் நாணயத்தைப் பெட் என்பார்கள். பத்துப் பெட் ஒரு அமெரிக்க டொலர். தொடங்கிய நாளில் இருந்து இந்த விகிதம் மாறவில்லை. நூறு பெக் சேர்ந்தால் ஒரு பெட்.

அப்போ கொம்பனிக்கு உழைப்பு எங்கால வருகுது?

இதை விளங்கிக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நீங்கள் பத்து டொலர் போடுகிறீர்கள். கையில் 100 பெட். அதில் துப்பாக்கிக்குத் தோட்டா வாங்குகிறீர்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் தோட்டா குறையும், கூடவே துப்பாக்கியும் கொஞ்சம் தேயும். அந்தத் தேய்மானம் பெக் கணக்கில், அரை, கால் என்று போவதால் கண்ணுக்கே தெரியாது. மிருகம் அடித்தால் கவசமும் தேயும். மிருகம் விழுந்ததும் அதன் உடலில் இருந்து லூட் வரும்: பெரும்பாலும் ஷ்ராப்னல் என்ற இரும்புத் துண்டுகள், எப்போதாவது விலைபோகும் பொருள். ஷ்ராப்னலை மறுபடி தோட்டாவாக மாற்றினால் 101 வீதம் தருவார்கள். அதாவது நூறு பெட்டுக்கு ஷ்ராப்னல் கொடுத்தால் நூற்றியொரு பெட்டுக்குத் தோட்டா. "அட, லாபமே தாறாங்கள்" என்று தோன்றும் இடம் இதுதான். தேய்ந்த துப்பாக்கியைத் திருத்தப் போகும்போதுதான் மற்றப் பக்கம் தெரியும்.

ஒரு சுற்று சுட்டு முடித்தால் 100க்கு 95 திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சில நாள் 70 வரும், சில நாள் 140 வரும். சராசரியைத்தான் உதாரணத்துக்கு 95 என்கிறேன். ஐந்து பெட் போனது, 150 ரூபா, பெரிய விசயம் இல்லை. ஆனால் யாரும் ஒரு சுற்றோடு நிற்பதில்லை. வந்த 95ஐ மறுபடி தோட்டாவாக்கிச் சுடுவார்கள். பத்துச் சுற்று முடிய மிச்சம் 60 பெட் அளவுதான். மூவாயிரம் ரூபா ஆயிரத்தெண்ணூறாகிவிட்டது. குறைந்ததில் ஒரு பகுதி இன்னொரு ஆட்டக்காரருக்கு லூட்டாகப் போயிருக்கும், ஒரு பகுதி கொம்பனிக்கு. ஏலத்தில் விற்கவும் கட்டணம் உண்டு.

இதை ஈடுகட்ட ஒரே வழி மார்க்கப். லூட்டில் வரும் ஒரு பொருளுக்குக் கொம்பனியின் கடை கொடுக்கும் அடிப்படை விலை 10 பெட் என்றால், அது தேவைப்படும் இன்னொரு ஆட்டக்காரர் 12 பெட் கொடுப்பார். அந்த இரண்டு பெட்டைக் கொம்பனி உருவாக்கவில்லை, அது இன்னொரு ஆளின் பொக்கெட்டில் இருந்து வருகிறது. யாராவது லாபத்தோடு காசை வெளியே எடுக்கிறார் என்றால், வேறு பலர் எடுக்காமல் விட்ட காசு அது.

சரி, இன்னும் பத்து வருடம் இருக்குமா?

என் கணிப்பு, இருக்கும். இப்படிப்பட்ட கேம்கள் லேசில் சாவதில்லை. அல்டிமா ஒன்லைன் 1997இல் வந்தது, எவர்குவெஸ்ட் 1999இல், ஈவ் ஒன்லைனும் செகண்ட் லைஃபும் என்ட்ரோப்பியா வந்த அதே 2003இல். எல்லாம் இன்றும் ஓடுகின்றன. இவற்றுக்கு இலட்சக்கணக்கில் புதுப் பிள்ளைகள் வர வேண்டியதில்லை. பதினைந்து இருபது வருடமாக உள்ளே இருக்கும், கையில் காசுள்ள நடுவயதுக்காரர் ஒரு கூட்டம் போதும். என்ட்ரோப்பியாவில் அந்தக் கூட்டம் இருக்கிறது. அவர்களின் பொருளும் உள்ளே இருப்பதால் விட்டுப் போவதும் கஷ்டம். கொம்பனிக்கு அது பெரிய பலம், சுவீடனில் இருக்கும் சிறிய நிறுவனம் ஒன்று இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் கேட்பவர்கள் கேட்க நினைப்பது வேறு. கேம் இருக்குமா என்பதை விட, பத்து வருடம் கழித்து என் பொருளை நான் வாங்கிய விலைக்கு யாராவது வாங்குவார்களா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். அதற்கு என் பதில், பெரும்பாலும் வாங்கமாட்டார்கள். கேம் இயங்கிக்கொண்டே இருக்கும், பழைய ஆட்கள் மெல்ல மெல்லக் குறைவார்கள், வாங்குபவர் குறையும்போது மார்க்கப் இறங்கும். கதவு மூடியிருக்காது, வெளியே போகும் விலை மட்டும் வருடத்துக்கு வருடம் சுருங்கும். முழுதாக மூடுவதை விட இந்த மெல்லச் சுருங்குதல்தான் நடக்கக்கூடியது. செய்தியிலும் வராது என்பதால் யாருக்கும் உறைப்பதும் இல்லை.

கொம்பனியின் நிலையைப் பார்க்க ஒரு வழி உண்டு. சுவீடனில் கொம்பனிகள் ஆண்டறிக்கையை அரசாங்கப் பதிவகத்தில் கொடுக்க வேண்டும், அவை பொது ஆவணங்கள். சுவீடிஷ் மொழியில் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் விளங்கும். வருமானம் கூடுகிறதா, கணக்காய்வாளர் ஏதும் எச்சரிக்கை எழுதியிருக்கிறாரா, இந்த இரண்டையும் பாருங்கள். வர்த்தகப் பிரிவில் ஏ/எல் செய்த பிள்ளை ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் அரை மணித்தியால வேலை.

கோள், தீவு எல்லாம் இலட்சக்கணக்கான டொலருக்கு வித்தாங்களே? அது பொய்யா?

உண்மைதான். 2004இல் கேமுக்குள் உள்ள ஒரு தீவு 26,500 டொலருக்குப் போனது. 2005இல் ஜோன் ஜேக்கப்ஸ் என்பவர் ஒரு சிறுகோளை 100,000 டொலருக்கு வாங்கினார். வீட்டை ஈடு வைத்தாராம். அங்கே கேளிக்கை விடுதி கட்டி, வேட்டைக்காரரிடம் வரி எடுத்து, 2010இல் துண்டு துண்டாக மொத்தம் 635,000 டொலருக்கு விற்றார். அதே காலத்தில் ஒரு விண்வெளி நிலையம் 330,000 டொலருக்கு விற்றது.

இந்தக் கதையை யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். திகதிகளை ஒருக்கால் திரும்பப் பாருங்கள், எல்லாம் 2010க்குள் முடிந்தவை. ஜேக்கப்ஸ் உழைத்தது சுட்டு இல்லை, மற்றவர்கள் சுடும் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்துதான். அந்த நிலம் அப்போது புதுசு, உலகமே அதைப் பற்றி எழுதியது, விலை ஏறியது.

2011இல் கொம்பனி இன்னொன்று செய்தது. தலைமைக் கோளான கலிப்சோவின் வருமானத்தில் பங்கு தரும் 60,000 காணிப் பத்திரங்களை, ஒன்று 100 டொலர் என்று விற்பனைக்கு விட்டது. மொத்தம் 60 இலட்சம் டொலர். கோளில் வரும் வருமானத்தைப் பொறுத்துப் பத்திரக்காரருக்குப் பங்கு வரும். உள்ளே இருப்பவற்றில் எனக்குக் கொஞ்சமாவது மதிப்பு உள்ளதாகத் தெரிவது இதுதான், ஏனென்றால் எதற்கு விலை என்று கேட்டால் பதில் இருக்கிறது. அதற்காக ஒன்று 30,000 ரூபா என்று நகை அடகு வைத்து வாங்கும் பொருளும் இல்லை. வருமானம் குறைந்தால் பங்கும் குறையும்.

மூடினா என்ட காசு?

போனதுதான்.

விதிமுறையில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே உள்ள துப்பாக்கி, கவசம், காணி எல்லாம் கொம்பனியின் சொத்து, உங்களுக்குப் பாவிக்கும் உரிமை மட்டும். குத்தகைக்கு எடுத்த வயல் போல: விதைக்கலாம், வெட்டலாம், விளைச்சலை விற்கலாம், போடியார் வேண்டாம் என்றால் வரம்பில் கூட நிற்க முடியாது. குத்தகைக்காவது கமநல சேவை நிலையத்தில் போய் முறையிட இடமிருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை.

வேறு கேம்களில் நடந்ததைப் பாருங்கள். எஃப்1 டெல்டா டைம் என்ற கேமில் 2019இல் ஒரு டிஜிட்டல் கார் ஒரு இலட்சம் டொலருக்கு மேலே போனது. 2022 மார்ச்சில் ஃபோர்முலா வன் பெயரைப் பாவிக்கும் அனுமதி நீடிக்கப்படவில்லை, கேம் மூடப்பட்டது, கார் ஓட இடம் இல்லை. யூபிசொஃப்டின் த க்ரூ கேமின் சேர்வரை 2024 மார்ச் 31இல் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கூட விளையாட வழியில்லாமல் போனது. அதில் எழுந்த கோபம்தான் ஐரோப்பாவில் பத்து இலட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கிய மனு வரை போனது.

"வங்கி முறிஞ்சா தாறாங்கதானே, இதுக்கும் ஏதும் இருக்காதா" என்று ஒரு பிள்ளை கேட்டார். நல்ல கேள்வி. இலங்கையில் வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒரு வங்கியில் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்புத் தருகிறது. கேமுக்குள் கிடக்கும் பெட் வைப்பே இல்லை, எந்தக் காப்புறுதியும் அதைத் தொடாது.

மூடாமலே காசு போகுமா?

போகும், அதற்கு ஒரு அப்டேட் போதும். 2017இல் என்ட்ரோப்பியாவில் லூட் 2.0 என்ற மாற்றம் வந்தது. எந்தத் துப்பாக்கி சிக்கனமானது என்ற கணக்கே மாறியது. சில ஆயுதங்கள் விலை ஏறின, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சிலது இறங்கின. டயப்ளோ 3 என்ற கேமில் உண்மைக் காசு ஏலச் சந்தையை 2012இல் திறந்த கொம்பனியே 2014 மார்ச்சில் மூடியது. கேம் இன்றும் இருக்கிறது, சந்தை இல்லை. 2025 ஒக்டோபரில் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற கேமில், சிவப்பு ரக ஸ்கின் (ஆயுதத்துக்குப் போடும் அலங்காரத் தோற்றம்) ஐந்தைக் கொடுத்து அரிதான கத்தி ஒன்றை எடுக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். பல கத்திகளின் விலை ஓரிரு நாளில் பாதிக்கு வந்தது. யாரும் திருடவில்லை, யாரும் மூடவில்லை, அரிதாக இருந்தது அரிதாக இல்லை, அவ்வளவுதான்.

ஆக்ஸி மாதிரித்தானே இதுவும்?

கொஞ்சம் வித்தியாசம். ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற கேமில் விளையாடினால் எஸ்எல்பி என்ற கிரிப்டோ டோக்கன் கிடைக்கும், அது அச்சடிக்க அச்சடிக்கப் பெருகும். 2021 நடுவில் ஒன்று முப்பது அமெரிக்கச் சதத்துக்கு மேல் போனது, அடுத்த வருடம் ஒரு சதத்துக்கும் கீழே. பிலிப்பைன்ஸில் அதை நம்பி வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். போதாததற்கு 2022 மார்ச்சில் அதன் காசை வேறு கிரிப்டோ வலையமைப்புகளுக்கு மாற்றும் ரோனின் பாலத்தை உடைத்து 60 கோடி டொலருக்கு மேல் அள்ளினார்கள். வடகொரியாவின் லசாரஸ் குழுதான் என்று எஃப்பிஐ சொன்னது.

பெட் அப்படி அச்சடிக்கப்படுவதில்லை, டொலரோடு கட்டியிருக்கிறது. அதனால் ஒரே மாதத்தில் தூளாகாது, மெல்லக் கரையும்.

2022இல டொலர் ஏறினப்போ பெட் வச்சிருந்தவனுக்கு லாபம்தானே?

ரூபாக் கணக்கில் ஆம். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200, மே மாதம் 360 அளவில். ஆயிரம் பெட் வைத்திருந்தவருக்கு 20,000 ரூபா 36,000 ஆனது. அந்த லாபத்தைத் தந்தது கேம் இல்லை, ரூபா விழுந்ததுதான். டொலரை எந்த வடிவத்தில் வைத்திருந்தாலும் அதுவே நடந்திருக்கும். நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் வேட்டைக்குப் போகவும் முடியாததால் தேய்மானமும் இல்லை என்று ஒரு மச்சான் பகிடிக்குச் சொல்வான்.

காசை இங்க எடுக்கிறது எப்படி?

ஆளடையாளத்தை நிரூபித்து, உங்கள் சொந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு எடுக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகை உண்டு, கட்டணம் உண்டு, வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் விதிமுறைப் பக்கத்தைப் படியுங்கள், மாறிக்கொண்டிருக்கும். இடையில் ஒரு வெளிநாட்டு வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் வெட்டும். சின்னத் தொகையை அடிக்கடி எடுத்தால் கட்டணமே தின்றுவிடும்.

காசு வந்ததும் வங்கியில் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "தம்பி, இது என்ன காசு?" கவுண்டரில் இருப்பவருக்குக் கேமில் மிருகம் சுட்ட கதை விளங்காது, விளக்கப் போனால் பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எடுத்ததற்கான மின்னஞ்சல், முதலில் போட்ட காசின் அட்டை அறிக்கை, இரண்டையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள். காசு போடும்போதும் அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு என்ன விதி என்று முதலே கேளுங்கள். மத்திய வங்கி கிரிப்டோ வாங்க அட்டையைப் பாவிக்க அனுமதிப்பதில்லை. இது கிரிப்டோ இல்லை, ஆனாலும் கேட்டுவைப்பது நல்லம்.

"வாட்ஸ்அப்பில் ஒருவர் பெட்டை வாங்கிக்கொண்டு கையில் ரூபா தாறார், உண்டியல் மாதிரி" என்கிறார்கள். வேண்டாம். கேம் விதிப்படி கணக்கு முடக்கப்படலாம், அவர் பெட்டை எடுத்துக்கொண்டு காணாமல் போனால் பொலிசில் என்னவென்று எழுதிக்கொடுப்பீர்கள்?

எங்கட பக்கத்தில ஒரு அண்ணா, காசு தந்தா இதில போட்டு மாதம் பத்து வீதம் தாறன் எண்டுறார்.

கொடுக்காதீர்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். சராசரி ஆட்டக்காரர் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டு போகும் இடத்தில், மாதம் பத்து வீதம் எங்கிருந்து வரும்? அடுத்து வருபவர் கொடுக்கும் காசில் இருந்துதான். ஆள் சேர்த்தால் பங்கு என்றும் சொன்னால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவில் தடை, நடத்துபவர் மட்டுமல்ல, தெரிந்தே அதில் ஆள் சேர்ப்பவரும் மாட்டுவார். செகண்ட் லைஃபில் கின்கோ ஃபைனான்ஷியல் என்ற "வங்கி" பெரிய வட்டி தருவதாகச் சொல்லி 2007இல் விழுந்தது. போனது சுமார் ஏழரை இலட்சம் டொலர். அடுத்த ஜனவரியில் கேமுக்குள் வட்டி தரும் வங்கிகளையே கொம்பனி தடை செய்தது, போனவர்களின் காசு வரவில்லை. சீட்டுக் காசையும் மகளின் கலியாணத்துக்குச் சேர்த்ததையும் கேட்டு வருகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பெயர் மட்டும் மாறும், போன வருடம் கிரிப்டோ என்றவர் இந்த வருடம் கேம் என்பார்.

இது சூதா? ஹராமா?

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை, உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள். கேட்கும்போது "கேம் விளையாடலாமா" என்று கேட்காதீர்கள். காசு கொடுத்துத் தோட்டா வாங்குகிறேன், சுட்டால் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டித் தெரியாது, சில நேரம் பல மடங்கு வரும், அதைக் காசாக மாற்றலாம் என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். பெல்ஜியம் 2018இல் லூட் பெட்டிகளை (உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறப்பவை) சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததும் இதைப் போன்ற காரணத்துக்குத்தான். நாளை ஐரோப்பாவில் சட்டம் இறுகினால் என்ட்ரோப்பியாவுக்கு வரக்கூடிய பெரிய அடி அங்கிருந்துதான் வரும் என்று நினைக்கிறேன்.

காசு போடாம வேர்வை சேர்த்து உழைக்கலாமாம்?

சேர்க்கலாம். மிருகத்துக்குக் கிட்டப் போய் நின்று அதன் வேர்வையை உறிஞ்சும் வேலை, செலவு இல்லை. அது கடித்தால் சாவீர்கள், திரும்ப எழும்பி வந்து நிற்பீர்கள். ஆயிரம் வேர்வை சேர்ந்தால் ஓரிரு பெட் கிடைக்கும். ஒரு பெட் முப்பது ரூபா. பொறுமையான ஆளுக்கு ஒரு பிளேன்டிக் காசு. கேமைப் பழக நல்ல வழி, அதற்காக மட்டும் செய்யுங்கள்.

அன்ரியல் எஞ்சின் 5 வந்தா எல்லாம் ஏறுமாமே, இப்பவே வாங்கி வைக்கவா?

எஞ்சின் என்பது கேமின் படத்தையும் அசைவையும் இயக்கும் மென்பொருள். 2009இல் க்ரை எஞ்சின் 2க்கு மாறியபோதும் இதைத்தான் சொன்னார்கள். படம் அழகானது, கொஞ்சக் காலம் பரபரப்பு இருந்தது. அன்ரியலுக்கு மாறுவதாக அறிவித்தும் வருடங்கள் ஓடிவிட்டன. வந்தால் விளையாட நன்றாக இருக்கும். வரப்போகிறது என்ற பேச்சு ஏற்கெனவே விலைக்குள் ஏறிவிட்டதால், பேச்சை நம்பி வாங்குபவர் கடைசி ஆள்.

அப்போ எவ்வளவு போடலாம்?

மாதம் தியேட்டருக்கும் கொத்துரொட்டிக்கும் எவ்வளவு செலவழிப்பீர்களோ அவ்வளவு. திரும்பி வந்தால் சந்தோசம்.

கட்டாரில இருக்கிற காக்கா விளையாட்டை விடுறாராம். அவர்ட அக்கவுண்டை நல்ல பொருளோட மலிவா தாறாராம், வாங்கவா?

அக்கவுண்ட் அவர் பெயரில், அவர் கடவுச்சீட்டில் உறுதி செய்யப்பட்டது. விதிப்படி கைமாற்ற முடியாது, காசு எடுக்கும்போது அவர் பெயருக்குத்தான் வரும். பொருளில் விருப்பம் இருந்தால், நீங்கள் சொந்தமாக ஒரு அக்கவுண்ட் திறந்து, கேமுக்குள்ளேயே அவரிடம் பெட் கொடுத்துப் பொருளை வாங்குங்கள். அதற்கு முன் ஏலத்தில் அந்தப் பொருள் கடைசியாக என்ன விலைக்குப் போனது, எத்தனை விற்றது என்று பாருங்கள். கடந்த ஒரு வருடத்தில் ஒன்றுகூட விற்கவில்லை என்றால், காக்கா ஏன் மலிவாகத் தருகிறார் என்பதும் விளங்கிவிடும்.